கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தொடுதிரை வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வகுப்பறைக்கும் கூட்ட அறைக்கும் தொடுதிரைப் பேனல் வாங்குவது இப்போது மேசை நாற்காலி வாங்குவதுபோல் சாதாரணமாகிவிட்டது. ஸ்மார்ட் போர்டு என்றும் டிஜிட்டல் போர்டு என்றும் பலர் சொல்லும் இந்தப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் விதம்தான் எங்களுக்குக் கவலை தருகிறது. விளம்பரத் தாளில் உள்ள எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எண் பெரிதாகவும் விலை சிறிதாகவும் இருப்பதை எடுத்துவிடுகிறார்கள். சில மாதங்களில் அந்தத் திரை வீடியோ போட மட்டும் பயன்படுகிறது. எழுத வேண்டும் என்றால் ஆசிரியர் பழைய பலகைக்கே திரும்பிவிடுகிறார். இந்தப் பேனல்களைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் எங்கள் தொழில். வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், எது எதனால் கெடுகிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதல் கேள்வி அளவு. 65, 75, 86, 98 இன்ச் என்று சொல்வதெல்லாம் மூலைக்கு மூலை அளவு. தூரத்தில் இருந்து படிப்பவருக்குப் படத்தின் உயரம்தான் கணக்கு. 65 இன்ச் பேனலில் படம் சுமார் 81 செ.மீ. உயரம், 75 இன்ச்சில் 93, 86 இன்ச்சில் 107, 98 இன்ச்சில் 122 செ.மீ. எழுத்துகளைப் படிக்க வேண்டிய அறையில், கடைசியில் இருப்பவர் படத்தின் உயரத்தைப்போல் 6 மடங்குக்கு மேல் தள்ளி உட்காரக் கூடாது என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாக இருக்கும் வழக்கம். அப்படிப் பார்த்தால் 65 இன்ச் 4.8 மீட்டர் வரைக்கும், 75 இன்ச் 5.6 மீட்டர் வரைக்கும், 86 இன்ச் 6.4 மீட்டர் வரைக்கும், 98 இன்ச் 7.3 மீட்டர் வரைக்கும்தான் சரிப்படும். கட்டட வரைபடம், எக்ஸெல் அட்டவணை போன்ற நுணுக்கமான வேலைக்கு 4 மடங்குதான் எல்லை. வெறும் வீடியோ என்றால் 8 மடங்கு வரை தாங்கும்.

இதைக் காகிதத்தில் கணக்குப் போடுவதைவிட அறையிலேயே செய்து பார்க்கலாம். பழைய செய்தித்தாள்களை ஒட்டி 166 செ.மீ. அகலம், 93 செ.மீ. உயரத்துக்கு ஒரு விரிப்பு செய்யுங்கள். அது 75 இன்ச். 190-க்கு 107 என்றால் 86 இன்ச். சுவரில் ஒட்டிவிட்டு, அதன் மேல் தடித்த மார்க்கரால் ஒரு வரி எழுதுங்கள். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து படியுங்கள். ஒரு மீட்டர் தூரத்துக்கு எழுத்தின் உயரம் 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் சிரமமில்லாமல் படிக்க முடியும். 7 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு எழுத்து 3.5 செ.மீ. இருக்க வேண்டும். தமிழுக்கு இதில் கொஞ்சம் தாராளமாகவே இருப்பது நல்லது. 'ன'வும் 'ண'வும், 'னு'வும் 'ணு'வும் தூரத்தில் குழம்பும். ஒற்றுப் புள்ளி முதலில் மறைந்துபோகும். அறை 8 மீட்டர் ஆழம் என்றால் 75 இன்ச் வாங்கிவிட்டு, பிறகு எழுத்தைப் பெரிதாக்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு திரையில் நாலு வரிதான் அடங்கும் என்ற நிலை வந்தால் பாடம் நடத்துபவர் பொறுமை இழந்துவிடுவார்.

வெளிச்சத்தை உங்கள் அறையின் நிலைமையை வைத்துப் பாருங்கள். இந்தப் பேனல்களின் பிரகாசம் பெரும்பாலும் 350 முதல் 450 நிட்ஸ். தாளில் 450 என்று போட்டு, முன்னால் கண்ணாடி இல்லாமல் அளந்திருப்பார்கள். கண்ணாடியோடு எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிட முக்கியம் எதிரொளிப்பு. திரையை அணைத்துவிட்டு, மாணவர் உட்காரும் இடங்களில் மாறி மாறி அமர்ந்து அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பாருங்கள். அதில் ஜன்னல், குழல் விளக்கு, வெள்ளைச் சட்டை எது தெரிகிறதோ, அதுவே திரை எரியும்போது படத்தின் மேல் படிந்து நிற்கும். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டினால் எந்த நிட்ஸும் காப்பாற்றாது. பக்கச் சுவரில் ஜன்னல் இருந்தால் திரைச்சீலை போதும்.

இனி எழுதுவது. பணம் வீணாவதும் பலன் தருவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆகவே இதில் கொஞ்சம் நிற்கிறோம்.

சந்தையில் அதிகம் இருப்பது அகச்சிவப்புச் சட்டம் கொண்ட பேனல்கள். சட்டத்தின் இரண்டு பக்கங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும் எல்.இ.டி.கள், எதிர்ப் பக்கங்களில் அதை வாங்கும் உணரிகள். கண்ணாடிக்கு மேல் ஒளிக்கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரலோ பேனாவோ கதிரை மறைத்தால் அந்த இடம் தொடப்பட்டதாகக் கணக்கு. கதிரை எது மறைத்தாலும் கருவிக்கு ஒன்றுதான். அதனால் விரல், மரக்குச்சி, கையுறை போட்ட கை எல்லாமே எழுதும். அதே காரணத்தால் தொங்கும் சட்டைக்கை, சேலைத் தலைப்பு, சட்டத்தின் ஓரத்தில் ஒட்டிய செலோடேப், உட்கார்ந்த ஈ எல்லாமும் எழுதும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கதிர்கள் கண்ணாடியை ஒட்டி ஓடுவதில்லை. சற்று மேலே ஓடுகின்றன. நல்ல பேனல்களில் அந்த இடைவெளி 2 மி.மீ. அளவில் இருக்கும். மலிவானவற்றில் அதிகம். பேனா கண்ணாடியைத் தொடும் முன்பே கோடு தொடங்கிவிடும். எடுத்த பிறகும் ஒரு கணம் தொடரும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளைக் கிறுக்கிப் பார்க்கும் விற்பனையாளருக்கு இது தெரியாது. தமிழில் எழுதினால் உடனே அகப்பட்டுவிடும். 'க்', 'ங்', 'ச்' என்று வேகமாக ஒரு வரி எழுதுங்கள். புள்ளி புள்ளியாகவே விழுகிறதா, வால் முளைத்துக் கோடாகிறதா, அல்லது விழவே இல்லையா என்று பாருங்கள். அடுத்து 'கொ', 'கோ', 'கௌ' எழுதுங்கள். கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவே பேனாவை எடுத்து வைக்கிற இடத்தில் மெல்லிய இழை ஓடி இரண்டும் ஒட்டிக்கொண்டால் அந்தப் பேனலில் தமிழ் வகுப்பு நடத்த முடியாது. 'ஞ', 'ஐ', 'ஸ்ரீ' ஆகியவற்றைக் கையளவு பெரிதாகவும், பிறகு விரல் நகம் அளவு சிறிதாகவும் எழுதிப் பாருங்கள். சுழி நிரம்பிப்போனால் பேனா முனை தடிமன், 3 மி.மீ. முனை உள்ள பேனாவை ஏற்குமா என்று கேளுங்கள்.

அடுத்து ஒரு மர அளவுகோலைத் திரையில் குறுக்காகப் பிடியுங்கள். அகச்சிவப்புத் திரையில் அளவுகோலே கதிரை மறைத்துவிடும் என்பதால், கண்ணாடியைத் தொடாமல் சற்று விலக்கி வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, மிக மெதுவாக ஒரு சாய்கோடு இழுங்கள். வேகமாக இழுத்தால் எல்லாத் திரையிலும் நேர்க்கோடு வரும். மெதுவாக இழுக்கும்போதுதான் படிக்கட்டுபோல் நெளிவு தெரியும். வடிவியல் நடத்துகிறவருக்கு இது பெரிய குறை. நான்கு மூலைகளிலும் ஓரத்தை ஒட்டி எழுதுங்கள். துல்லியம் முதலில் குறைவது அங்கேதான். பிறகு இருவர் ஒரே நேரத்தில் எழுதுங்கள். ஒருவர் எழுதிக்கொண்டிருக்க மற்றவர் உள்ளங்கையால் அழித்துப் பாருங்கள். 20 புள்ளி, 40 புள்ளி, 50 புள்ளி என்று அச்சிட்டிருப்பதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஒரு திரை முன் மூன்று பேருக்கு மேல் நின்று எழுத இடமே இருக்காது. அந்த மூவரின் கோடுகளும் ஒன்றோடொன்று கலக்காமல் இருந்தால் போதும்.

கோடு கைக்குப் பின்னால் எவ்வளவு தூரம் இழுபடுகிறது என்பது இன்னொன்று. வேகமாக எழுதும் கை நொடிக்கு அரை மீட்டர் வரை நகரும். தாமதம் 40 மில்லி நொடி என்றால் மை பேனாவுக்கு 2 செ.மீ. பின்னால் வரும்; 100 மில்லி நொடி என்றால் 5 செ.மீ. இது விளம்பரத் தாளில் இருந்தாலும், பேனலோடு வரும் ஒயிட்போர்டு செயலியில் மட்டும் அளந்த எண்ணாக இருக்கும். நீங்கள் பவர்பாயிண்ட் மேலோ பி.டி.எஃப். மேலோ எழுதுவீர்கள். அதன் மேல் எழுதிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கண்ணாடிக்கும் உள்ளே படம் தெரியும் பரப்புக்கும் இடையே காற்று இடைவெளி இருந்தால், பேனா ஓரிடத்திலும் கோடு ஓரிடத்திலும் தெரியும். நேராக நிற்பவருக்கு உறுத்தாது. ஓரமாக நின்று எழுதும் உயரம் குறைந்த பிள்ளைக்கு, தான் தொட்ட இடம் வேறு, எழுத்து விழுந்த இடம் வேறு என்று ஆகும். இடைவெளியைக் குறைத்தோ ஒட்டியோ செய்திருப்பதை ஜீரோ பாண்டிங், ஆப்டிகல் பாண்டிங் என்று குறிப்பிடுவார்கள். இரண்டும் ஒன்றல்ல: முதலாவதில் இடைவெளி மிகக் குறைவு, இரண்டாவதில் பிசின் ஊற்றி இடைவெளியையே நிரப்பியிருப்பார்கள். கண்ணாடியின் கடினம் பற்றியும் ஒரு வார்த்தை. '9எச்' என்பது பென்சில் கொண்டு கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. தாதுக்களை அளக்கும் மோஸ் அளவுகோலின் 9 அல்ல. மணலில் உள்ள குவார்ட்ஸ் மோஸ் 7. மணல் ஒட்டிய துணியால் தேய்த்தால் '9எச்' கண்ணாடியும் கீறல் வாங்கும்.

இன்னொரு வகை, கைப்பேசித் திரைபோல விரலின் மின்தேக்கத்தை உணர்வது. கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய கடத்திகளின் வலை இருக்கும். தூசி, வெயில், சட்டைக்கை எதுவும் தொந்தரவு செய்யாது; ஓரத்தில் சட்டமும் துருத்தாது; எழுத்து வழவழப்பாக வரும். ஆனால் சாதாரணக் குச்சியால் எழுத முடியாது, தடித்த கையுறை வேலை செய்யாது, விலை அதிகம். மின்சார எர்த் சரியில்லாத இடத்தில் தானாகத் தொடுவதுபோல் துள்ளும். சாக்பீஸ் பலகை பக்கத்திலேயே இருந்து தூசி பறக்கும் வகுப்பறைக்கு இந்த வகை நல்லது. பத்துப் பேர் கைக்குக் கிடைத்ததை வைத்து எழுதும் இடத்துக்கு அகச்சிவப்பே தோதுப்படும்.

அடுத்து மூளை. பேனலுக்குள் ஆண்ட்ராய்டு இருக்கும். பேனல் நன்றாகப் பராமரித்தால் 7, 8 ஆண்டுகள் உழைக்கும். உள்ளே உள்ள ஆண்ட்ராய்டு அதில் பாதிக் காலத்திலேயே பழசாகிவிடும். அதன் சிப்பையோ நினைவகத்தையோ பிறகு மாற்ற முடியாது. ஆகவே, இன்று எந்தப் பதிப்பு என்பதோடு எந்த ஆண்டு வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவீர்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கூகுள் ப்ளே ஸ்டோர் முறையாக வேண்டும் என்றால் கூகுளின் இ.டி.எல்.ஏ. எனப்படும் உரிமச் சான்று உள்ள மாடலா என்று பாருங்கள். அது இல்லாத பேனலில் செயலிகளை வெளியில் இருந்து இறக்கித் தருவார்கள்; முதல் வாரம் ஓடும், பிறகு புதுப்பிப்பு வராமல் ஒவ்வொன்றாக நின்றுபோகும்.

விண்டோஸ் வேண்டும் என்றால் ஓ.பி.எஸ். எனப்படும் செருகு கணினி. இன்டெல் நிறுவனம் 2010-இல் கொண்டுவந்த வடிவம்; பேனலின் பக்கவாட்டில் உள்ள பொந்தில் 80 ஊசி இணைப்பான் வழியாகச் செருகி இரண்டு திருகுகளை முடுக்க வேண்டியதுதான். பேனலை மாற்றாமல் கணினியை மட்டும் மாற்றலாம் என்பதுதான் இதன் அருமை. பேனல் ஓடும்போது இதை உருவக் கூடாது. சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து எடுக்க வேண்டும். டெண்டரில் 'கோர் ஐ5' என்று மட்டும் எழுதாதீர்கள். ஐ5 என்ற பெயர் 2009-இல் இருந்தே இருக்கிறது. தலைமுறையைக் குறிப்பிடாவிட்டால் எந்தப் பழைய சரக்கும் அந்த வரிக்குள் நுழைந்துவிடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்குக் குறையாத சிப்பும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் தேவை. இந்த இரண்டும் இல்லாத செருகு கணினி இலவசமாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

மென்பொருளுக்கும் இதே எச்சரிக்கை. கூகுள் நிறுவனம் விற்ற ஜாம்போர்டு என்ற 55 இன்ச் தொடுதிரையை எண்ணிப் பாருங்கள். 2023-இல் சேவையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2024 இறுதியில் செயலி நின்றுபோனது. கண்ணாடியும் விளக்கும் நன்றாக இருக்கும்போதே கருவி தன் வேலையை இழந்தது. நீங்கள் எழுதிய பாடங்கள் அந்த நிறுவனத்தின் சொந்தக் கோப்பு வடிவத்தில் மட்டும் சேமிக்கப்படுமானால், பிராண்டு மாறும் நாளில் எல்லாம் கிடப்பில் போகும். பி.டி.எஃப். ஆக வெளியே எடுக்க முடிகிறதா, ஆண்டுச் சந்தா நின்றால் எந்த வசதி நிற்கும் என்று கேளுங்கள். தமிழில் பாடம் வைத்திருப்பவர்கள் தங்கள் கோப்பையே பென் டிரைவில் கொண்டுபோய்த் திறந்து பார்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத ஆண்ட்ராய்டில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. அவசரத்துக்கு, கணினியிலேயே பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோனால் தப்பலாம்.

எங்களுக்கு வரும் புகார்களில் பேனலே கெட்டுப்போனது குறைவு. கேபிள் கோளாறு அதிகம். 'படம் வருகிறது, தொட்டால் அசையவில்லை' என்பது தினமும் கேட்கும் வாசகம். எச்.டி.எம்.ஐ. கேபிள் படத்தையும் ஒலியையும் மட்டும்தான் கொண்டுபோகும். தொடுதலைக் கணினிக்குச் சொல்ல இன்னொரு யு.எஸ்.பி. கேபிள் வேண்டும். அதிலும் பல பேனல்களில் எச்.டி.எம்.ஐ. 1-க்கு டச் 1, எச்.டி.எம்.ஐ. 2-க்கு டச் 2 என்று ஜோடி உண்டு. படத்தை முதல் துளையிலும் தொடுதலை இரண்டாவது துளையிலும் செருகினால் வேலை செய்யாது. தொட்டால் லேப்டாப் திரையில் அம்புக்குறி நகர்கிறது என்றால் விண்டோஸ் எந்தத் திரை தொடுதிரை என்று குழம்பியிருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் டேப்லெட் பி.சி. செட்டிங்ஸைத் திறந்து செட்டப்பை அழுத்துங்கள். திரை வெளுத்து ஒரு வாசகம் வரும். அந்த வாசகம் பேனலில் தெரிந்தால் பேனலைத் தொடுங்கள். லேப்டாப்பில் தெரிந்தால் என்டர் தட்டுங்கள், அடுத்த திரைக்குப் போகும். இரண்டு நிமிட வேலை. ஆப்பிள் மேக் கணினி வைத்திருப்பவர்கள், பேனல் நிறுவனம் அதற்கான டிரைவர் தருகிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இரண்டு விரலால் பெரிதாக்குவது போன்றவை நடக்காது.

டைப்-சி துளை இருந்தால் படம், தொடுதல், லேப்டாப்புக்கு மின்சாரம் மூன்றும் ஒரே கேபிளில் போகும். உண்மையில் அருமையான வசதி. ஆனால் கைப்பேசி சார்ஜ் செய்யும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை படத்தைக் கடத்தாது. உருவம் ஒன்றாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. லேப்டாப்பின் எல்லா டைப்-சி துளைகளும் படம் தருவதில்லை என்பதும் உண்டு. நீளத்தில் கவனம் வேண்டும். சாதாரண யு.எஸ்.பி. 2.0 கேபிளுக்கு எல்லை 5 மீட்டர். 4கே படத்தை நொடிக்கு 60 முறை அனுப்பும் செம்புக் கம்பி எச்.டி.எம்.ஐ. கேபிளும் ஏறத்தாழ அந்த நீளத்துக்கு மேல் நம்பகமில்லை. மேசை 10 மீட்டர் தள்ளி இருந்தால் ஒளியிழை எச்.டி.எம்.ஐ. கேபிளும், மின்சாரம் வாங்கிச் சமிக்ஞையைப் பெருக்கும் யு.எஸ்.பி. கேபிளும் போடுங்கள். சுவருக்குள் பதிக்கும் குழாய் 50 மி.மீ. இருக்கட்டும். சிறிய குழாயில் கேபிள் போகும், அதன் தலை போகாது. அந்தக் குழாய்க்குள் ஒரு நைலான் கயிறு விட்டு வையுங்கள். நாளை கேபிள் மாற்றுபவர் சுவரை உடைக்க மாட்டார். வயர்லெஸ்ஸில் படம் அனுப்புவதை நம்பி கேபிளே இல்லாமல் இருக்க வேண்டாம். பள்ளி, அலுவலக வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி தடுத்திருப்பார்கள். கடையில் நொடியில் இணைந்த கைப்பேசி உங்கள் அறையில் பேனலைக் கண்டுபிடிக்கவே செய்யாது. சோதனைக்கு உங்கள் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரும் உடன் இருக்க வேண்டும்.

மாட்டுவதில் அலட்சியம் ஆபத்து. 65 இன்ச் சுமார் 40 கிலோ, 75 இன்ச் 50-க்கு மேல், 86 இன்ச் 65-க்கு மேல் இருக்கும். செங்கல் சுவரில் எக்ஸ்பான்ஷன் போல்ட் தாங்கும். பூச்சில் மட்டும் பிடித்தால் தாங்காது. ஜிப்சம் தடுப்புச் சுவர் என்றால் உள்ளே இரும்புச் சட்டமோ தடித்த பிளைவுட்டோ வைத்து அதில்தான் பிடிக்க வேண்டும். எழுதும்போது திரையை அழுத்துகிறோம், பிள்ளைகள் தொங்குகிறார்கள். வெறும் எடைக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள். உயரத்தில் எப்போதும் ஓர் இழுபறி உண்டு. பெரியவர்கள் எழுத, படத்தின் கீழ் ஓரம் தரையில் இருந்து 80 முதல் 90 செ.மீ.; 86 இன்ச் என்றால் மேல் ஓரம் 2 மீட்டருக்குப் போய்விடும். சிறு பிள்ளைகளுக்கு 60 செ.மீ. வரை இறக்க வேண்டும். அப்போது பின்வரிசைக்கு முன்னால் இருப்பவர்களின் தலை மறைக்கும். தொடக்க வகுப்புகளுக்கு மோட்டாரில் ஏறி இறங்கும் ஸ்டாண்டுதான் சரி. சக்கர ஸ்டாண்டு வாங்கினால் அறைவாசலின் உயரத்தை முதலில் அளந்து பாருங்கள். தள்ளும்போது இருவர் தள்ளுங்கள், வாசல்படியில் சக்கரம் தட்டினால் மேல் கனம் முன்னால் சாயும். செருகு கணினி இருக்கும் பக்கம் சுவரில் இருந்து 25 செ.மீ.யாவது விடாவிட்டால் அதை வெளியே எடுக்க முழுப் பேனலையும் கழற்ற வேண்டி வரும். இந்தத் தவறை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

மின்சாரம்: 75 இன்ச் பேனல் ஓடும்போது ஏறத்தாழ 150 முதல் 250 வாட் எடுக்கும். எர்த் உள்ள தனி சாக்கெட், சர்ஜ் பாதுகாப்பு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏ.சி.யோடு சேர்த்துச் செருகாதீர்கள்.

கூட்ட அறைக்கு வேறு கணக்கு. அங்கே யார் எழுந்து போய் எழுதுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். எவரும் எழுதுவதில்லை என்றால் தொடுதிரைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை நல்ல கேமரா, மைக்குக்குக் கொடுங்கள்; தொடுதல் இல்லாத வணிகத் திரை போதும். பொருள் விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். வீடியோ கூட்டம் நடத்தும் அறையில், வெளியூரில் இருந்து கேட்பவருக்கு உங்கள் குரல் தெளிவாகப் போகாவிட்டால் எந்தத் திரையும் கூட்டத்தைக் காப்பாற்றாது. எழுதுகிறவர்கள் இருந்தால் எழுதியதை உடனே அனைவருக்கும் அனுப்ப முடிகிறதா என்று பாருங்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு பொத்தானில் பலகையும், உள்நுழைந்த கணக்குகளும், இறக்கிய கோப்புகளும் அழிய வேண்டும். முன்னவர் விட்டுப்போன மின்னஞ்சல் அடுத்த கூட்டத்தில் 86 இன்ச்சில் திறப்பது நடக்கக்கூடியது. வகுப்பறையில் மாணவர் மதிப்பெண்களுக்கும் இது பொருந்தும். படம் அனுப்பக் குறியீடு கேட்கும் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து அறையில் இருப்பவரும் உங்கள் திரையில் எதையாவது காட்டலாம்.

வாரண்டியில் ஆண்டு எண்ணிக்கையைவிடச் சில கேள்விகள் முக்கியம். பழுதானால் ஆள் அறைக்கு வருவாரா, 60 கிலோ பேனலை நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? தொடுசட்டம் மட்டும் பழுதானால் அதைத் தனியாக மாற்ற முடியுமா? செருகு கணினிக்கும் பேனாவுக்கும் அதே காலம்தானா? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓட்ட அனுமதி: 16 மணியா, 18 மணியா? '50,000 மணி ஆயுள்' என்பது பின்விளக்கின் வெளிச்சம் பாதியாகக் குறையும் வரையிலான கணக்கு. கண்ணாடி உடைந்தால் பொதுவாக எந்த வாரண்டியும் வராது. இந்தப் பதில்களை விற்பனையாளர் வாய்ச்சொல்லாகத் தருவார். கொள்முதல் ஆணையில் எழுதச் சொல்லுங்கள்.

பராமரிப்பு சின்னதுதான். வாரம் ஒரு முறை திரையை அணைத்து, லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். திரவத்தைத் துணியில் தெளிக்க வேண்டும். திரையில் தெளித்தால் கீழ்ச் சட்டத்துக்குள் வழிந்து இறங்கும். அகச்சிவப்புப் பேனலில் கீழ்ச் சட்டத்தின் உட்புறத்தைத் தனியாகத் துடையுங்கள். தூசி படிவது அங்கேதான். திரை தானாக எழுதுகிறது, மூலையில் கோடு விழுகிறது என்று எங்களுக்கு அழைப்பு வந்தால் முதலில் நாங்கள் எடுப்பது துணி. அடுத்துப் பார்ப்பது சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கர். அதற்கடுத்து, அந்த மணிக்குச் சட்டத்தின் மேல் நேராக வெயில் விழுகிறதா என்பது. மூன்றும் இல்லை என்றால்தான் கருவிப்பெட்டியைத் திறப்போம்.

ஆகவே, வாங்கும் முடிவுக்கு முன் விற்பனையாளரை உங்கள் அறைக்கே ஒரு பேனல் கொண்டுவரச் சொல்லுங்கள். வெயில் அதிகம் விழும் மணியில், உங்கள் லேப்டாப்பில், உங்கள் கோப்புகளைக் கொண்டு, தினமும் எழுதப்போகும் ஆசிரியரே ஒரு மணி நேரம் எழுதட்டும். கொள்முதல் குழுவில் உள்ளவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆர்டர் கொடுத்த பிறகு, வந்து இறங்கும் பேனலின் மாடல் எண் சோதித்த பேனலுடையதுதானா என்று சரிபாருங்கள். கடைசி எழுத்து மாறியிருந்தால் உள்ளே சிப்பும் நினைவகமும் மாறியிருக்கலாம். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து முழுநிறப் படங்களைப் போட்டு, எரியாத புள்ளிகளையும் ஓரக் கறைகளையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வரிசை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். பேனல் வந்த அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மோகோலையும் வாரண்டி முடியும் வரை தூக்கி எறிய வேண்டாம். திருப்பி அனுப்ப நேர்ந்தால் அந்தக் கண்ணாடி வேறு எதிலும் பத்திரமாகப் போகாது.

இப்படிக்கு,
தொடுதிரை பொருத்துதல், பராமரிப்புப் பணியில் உள்ளவர்கள்